காலி அறையின் அளவீடு

பழைய கட்டிடத்தின் கோடியில் செப்புத் தகடு போர்த்திய அறை ஒன்று இருந்தது. வெளியே உள்ள ரேடியோ அலை உள்ளே நுழையாது. உள்ளிருந்தும் எதுவும் தப்பாது. மாணவர்கள் அதைப் பெட்டி என்பார்கள். அன்று மத்தியானம் ஆய்வக ஆசிரியை கதவைத் திறந்தபோது ஈரத்துணி வாடை அடித்தது.

"முதல்ல காலி அறையை அளந்து அதை ஜீரோன்னு வைக்கணும். அப்புறம் ஒருத்தர் உள்ள போய் ஆன்டெனா முன்னாடி உட்காரணும். மூச்சுவிடும்போது நெஞ்சு அசையுதுல்ல? அதுகூட ஒயர் வழியா வெளியில இந்தத் திரையில தெரியும்."

காலி அறையை அளந்து முடித்தாயிற்று. உள்ளே போக யாரும் அசையவில்லை. கடைசியில் எழுந்தவள் ஆசிரியையின் சொந்தத் தங்கை. அந்த வகுப்பில்தான் படித்தாள்.

"நான் போறேன்க்கா. வீட்ல நீ போடுற சத்தத்துக்கு இந்தப் பெட்டியே நிம்மதி."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. ஆசிரியை சிரிப்பை அடக்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள். திரையில் நேர்கோடு மெல்ல நெளிந்தது. ஏறியது, இறங்கியது. தங்கையின் மூச்சு.

"மேடம்," என்றான் முன்னால் நின்ற மாணவன். "ரெண்டு அலை தெரியுதே?"

தெரிந்தது. சின்ன அலைக்கு அடியில் பெரியது ஒன்று, மிக மெதுவாக.

ஆசிரியை கைப்பிடியை இழுத்தாள். அது அசையவில்லை. நாலைந்து பேர் சேர்ந்து இழுத்தார்கள். கதவைத் தட்டினார்கள், கத்தினார்கள். போன் சிக்னல் உள்ளே போகாது. போகக்கூடாது என்றுதான் அந்த அறையையே கட்டியிருந்தார்கள்.

திரையில் பெரிய அலை வளர்ந்தது. சின்னது படபடத்தது.

பெரியது நின்றது.

கதவு தானாகத் திறந்தது. தங்கை சிரித்தபடி வெளியே வந்தாள்.

"என்னக்கா, இப்படி வேர்த்துக் கொட்டுது?"

எல்லோருக்கும் உயிர் வந்தது. ஆசிரியை மட்டும் திரையைப் பார்த்தாள். காலி அறை. சின்ன அலை இன்னும் படபடத்துக்கொண்டிருந்தது.

"ஏதோ கோளாறு மேடம். ஜீரோ பண்ணிடறேன்," என்றான் அந்த மாணவன்.

"வேண்டாம்!"

அவன் அழுத்திவிட்டான். கோடு நேரானது. பிறகு விட்டுவிட்டுத் துடித்தது, விம்மலை அடக்குவதுபோல.

தங்கை அக்காவின் தோளில் சாய்ந்தாள். அந்த நெஞ்சு அசையவே இல்லை.

ஆசிரியை காலி அறையைப் பார்த்து, தங்கையின் செல்லப் பெயரைச் சொல்லி அடிக்குரலில் கூப்பிட்டாள்.

"குட்டி..."

கோடு துள்ளி எழுந்தது.

"என்னக்கா?" என்றது, தோளில் சாய்ந்திருந்தது.