காரைக்குப் பின்னால்

சுவர் முடிந்த பிறகும் கம்பி உள்ளே போய்க்கொண்டே இருந்தது.

வயர்மேன் தரையில் குந்தி, சுவிட்ச் பாக்ஸுக்காக வெட்டிய துவாரத்தின் வழியே எஃகு ஸ்பிரிங் கம்பியை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தார். மரச்சட்டம் அடித்துக் காரை பூசிய பழைய சுவர். நடுவே பொந்து இருக்கும், அதில் ஸ்பிரிங்கை ஏற்றினால் மாடி அறைத் துவாரத்தில் முனை எட்டிப் பார்க்கும், அங்கே இருப்பவன் புது வயரை அதில் கட்டி இரண்டு சுண்டு சுண்டினால் கீழே இருந்து இழுத்துவிடலாம். இத்தனை வருடத்தில் எந்தச் சுவரும் அவரிடம் வாலாட்டியதில்லை. இன்று கையிலிருந்த சுருளில் பாதிக்கு மேல் கரைந்துவிட்டது. அந்த நீளத்துக்குக் கூரையையே தாண்டியிருக்க வேண்டும்.

"டேய் மாப்ள, தூங்கிட்டியா? முனை வந்துச்சா இல்லையா?"

"வரல மாமா. ஓட்டையையே பார்த்துக்கிட்டு இருக்கேன். பக்கத்து வீட்டுச் சுவருக்குள்ள விடறீங்களா என்ன?"

அவர் சிரித்துவிட்டார். மேலே இருந்தவன் அவர் மனைவியின் தம்பி. தாயில்லாத அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். 'என்னைத் திட்டுங்க, தாங்கிக்கறேன். அவன் முகம் வாடினா தாங்க மாட்டேன்' என்று கல்யாணமான புதிதிலேயே சொல்லிவிட்டாள். இந்த வீட்டை வாங்கச் சொல்லி அவள் நச்சரித்ததும், அந்த மாடி அறை அவனுக்கு ஆகும் என்பதற்காகத்தான். சாயங்காலம் சாப்பாட்டோடு வந்து முதல் விளக்கைத் தானே போடுவேன் என்றிருந்தாள்.

கம்பியை யாரோ இரண்டு முறை சுண்டினார்கள்.

"கட்டிட்டியாடா?"

"என்னத்தக் கட்டறது? முனையே வரலைங்கறேன்."

கம்பியிலிருந்து கையை உதறி எடுத்தார். இதுவரை துவாரத்திலிருந்து சுண்ணாம்புத் தூசியும் எலிப் புழுக்கையும் மக்கிய மரமும்தான் நாறின. இப்போது அவற்றுக்கு மேலே, நெடுநேரம் தூங்கி எழுந்தவன் வாயைத் திறந்தால் வருமே, அந்த வெதுவெதுப்பான வாடை வந்தது. பிறகு சத்தம். காரைக்குப் பின்னால் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டு ஏறுவது மாதிரி, அவர் முழங்கால் உயரத்தில் ஆரம்பித்து, காதோரம் கடந்து, கூரைப் பக்கம் போனது.

"மாமா, உள்ள ஏதோ தெரியுது. வந்துருச்சுன்னு நினைக்கிறேன். கையை விட்டு எடுக்கறேன்."

மெயினை அணைத்துவிட்டால் வயர்மேனுக்கு அது செத்த சுவர். தேளுக்குப் பயப்படுவானே தவிர, தோள்வரைக்கும் கையை விடத் தயங்க மாட்டான். இருவருக்கும் அந்தப் பழக்கம் ஊறிப்போயிருந்தது.

"விடாதடா! கையை உள்ள விடாத!"

படிகளில் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. விழுந்தடித்து ஏறினார். மைத்துனன் மண்டியிட்டு, வலது கை தோள்வரை சுவருக்குள் இருக்க, எதையோ கேட்பவன்போல அசையாமல் கன்னத்தைக் காரையில் அழுத்தியிருந்தான். அவன் அலறியிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டார்.

"கத்தாதீங்க மாமா. பிடிச்சிருக்கு."

"எதுடா?"

"தெரியல. ஒவ்வொரு விரலா தொட்டுப் பார்க்குது."

இடுப்பைக் கட்டிப்பிடித்து இழுத்தார். அசையவில்லை. சுத்தியலை எடுத்து, துவாரத்துக்குக் கீழே, அவன் முழங்கை இருக்க வேண்டிய இடத்தில் ஓங்கி அடித்தார். காரை பொலபொலவென்று உதிர்ந்தது.

சட்டம் இல்லை. பொந்து இல்லை. செங்கல்.

இடப்பக்கம் உடைத்தார். செங்கல். வலப்பக்கம். செங்கல்தான். உலர்ந்து, இறுகி, ஒரு விரிசல்கூட இல்லாமல்.

அப்படியானால் கை எங்கே?

"மாமா, தோளுக்கு வந்துருச்சு."

சுத்தியல் கை நழுவியது. அவனை மார்போடு அணைத்துக்கொண்டார். அழுகை வந்தது. "உன்னை விடமாட்டேன்டா, விடவே மாட்டேன்," என்று பிதற்றினார். சட்டை கிழிந்தது. ரத்தம் இல்லை. எலும்பு முறியும் சத்தமும் இல்லை. கை நுழையும் அளவு ஓட்டை. அதற்குள் அவன் போய்க்கொண்டிருந்தான். தோள். கழுத்து.

"மாமா, அக்காகிட்ட..."

மீதி சுவருக்குள் போய்விட்டது.

அவர் கண் திறந்து பார்த்தபோது இடது கை மட்டும் வெளியே இருந்தது. மணிக்கட்டு வரை. சூடாக இருந்தது. அவர் விரல்களை இறுகப் பற்றியிருந்தது. இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். இழுக்கத் துணிவில்லை. விடவும் மனமில்லை.

கீழே கதவு திறந்தது. பாத்திரம் வைக்கும் ஓசை.

"இருட்டுல என்ன பண்றீங்க ரெண்டு பேரும்? தம்பி எங்க? சாப்பிட வரச் சொல்லுங்க."

வராதே என்று கத்த வாயைத் திறந்தார். அதற்குள் அவள் படியேறும் சத்தம் கேட்டது.

அந்தக் கைக்கும் கேட்டது. பிடி தளர்ந்தது. அவர் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு, மெல்ல அறைவாசல் பக்கம் திரும்பி, உள்ளங்கையை விரித்துக் காத்திருந்தது.