மக்காத சோறு

தம்பியின் அடுக்குமாடிக் குடியிருப்பு வாசலில் நானும் அம்மாவும் போய் இறங்கியபோது வெயில் தாழ்ந்திருந்தது. அம்மாவைக் கைத்தாங்கலாக இறக்கி, அவளுடைய துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன். எனக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை. அது முடிந்து நான் பழையபடி குனிந்து நிமிர்ந்து வேலை பார்க்கும்வரை அம்மா இங்கே இருப்பதாக ஏற்பாடு. தம்பி இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் சரி என்றான்.

எங்கள் வீட்டில் பெற்றவர்களைப் பாத்திரம் பண்டம் போல எப்போதோ பிரித்தாயிற்று. அப்பா பக்கவாதத்தில் விழுந்ததும், "அப்பாவை நான் பாத்துக்கறேன், அம்மா உன்னோட இருக்கட்டும்" என்றான் தம்பி. சொந்தபந்தமெல்லாம் அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. அப்பாவுக்குப் பல் கிடையாது. சோற்றைக் கூழாகக் குழைத்து, அதில் இளஞ்சிவப்பு மாத்திரையைப் பொடித்துக் கலந்து ஊட்ட வேண்டும். மாத்திரையை மாதாமாதம் வாங்கி அனுப்புவது நான். எப்போது போன் செய்தாலும் "நல்லா சாப்பிட்டார்" என்பார்கள். ஒருநாள் தூக்கத்திலேயே போய்விட்டார் என்று போன் வந்தது. போய்ப் பார்த்தால் கன்னம் குழிவிழுந்து, எலும்பும் தோலுமாகக் கிடந்தார். "வயசாயிட்டா உடம்புல ஒட்டாதுக்கா" என்றான் தம்பி. நானும் தலையாட்டினேன்.

கார்கள் நிற்கும் இடத்துக்குப் பின்னால், மதிலோரமாகச் செங்கல் தொட்டிகள் வரிசையாக இருந்தன. அங்கே கையுறை போட்டுக்கொண்டு நின்றிருந்தாள் தம்பி மனைவி.

"வாங்க அண்ணி. வாங்க அத்தை. நல்ல நாளாப் பாத்து வந்திருக்கீங்க, இன்னிக்குத்தான் தொட்டி திறக்கறோம்."

எல்லா வீட்டுச் சமையல்கட்டுக் கழிவும், தோட்டத்துச் சருகும் மாறி மாறி அடுக்காகப் போய் அந்தத் தொட்டிகளில் விழும். நிறைந்ததும் மூடிவிடுவார்கள். உள்ளே சூடேறி, மக்கி, மண்ணாகிவிடும். இந்தத் திட்டத்துக்கு அவள்தான் தலைவி. தோல் எது, கொட்டை எது என்று கட்டடம் முழுக்கப் பாடம் எடுத்திருக்கிறாளாம்.

"நாங்களே எடுத்துக்காட்டா இருக்கணும் இல்லையா? போன வருஷம் பூரா எங்க வீட்டு வாளிதான் முதல்ல நிறையும்" என்றாள்.

மூன்று பேர் இருந்த வீட்டில், அதில் ஒருவர் படுக்கையில் கிடந்த வீட்டில், வாளி எப்படி அப்படி நிறைந்தது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

அப்பா இருந்த அறையைத்தான் அம்மாவுக்கு ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். பெருக்கித் துடைத்து, புது விரிப்புப் போட்டு, ஊதுவத்திகூட ஏற்றியிருந்தார்கள். அதையும் மீறி ஒரு வாடை இருந்தது. ஈரச் சருகைப் புரட்டினால் வருமே, அந்த வாடை. அம்மா கட்டிலில் உட்கார்ந்தவள் விரிப்பைத் தடவிப் பார்த்தாள்.

"யாரோ இப்பத்தான் எந்திரிச்சுப் போன மாதிரி சூடா இருக்குடி."

நானும் கை வைத்துப் பார்த்தேன். சூடாகத்தான் இருந்தது. மேல்மாடி, வெயில் இறங்கியிருக்கும் என்றேன்.

தம்பி ஒரு தட்டில் குழைத்த சோறு கொண்டுவந்து வைத்தான். "சீக்கிரமே சாப்பிட்டுடும்மா, கீழ கூட்டம் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனான். கொசு வருமே என்று நான் ஜன்னலைச் சாத்தத் திரும்பினேன். கொக்கி துருப்பிடித்து மக்கர் செய்தது. அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது எனக்குப் பின்னால் மெல்லும் சத்தம் கேட்டது.

பல் இல்லாத வாய் மெல்லும் சத்தம். ஈறும் ஈறும் ஒட்டிப் பிரியும் சத்தம்.

அம்மாவுக்கு எல்லாப் பல்லும் இருக்கிறது.

திரும்பினேன். தட்டு காலி. ஒரு பருக்கை மிச்சமில்லை. அம்மா இரண்டு கையையும் மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். விரல்கள் உலர்ந்திருந்தன.

"நான் தொடவேயில்ல" என்றாள் மெதுவாக.

எட்டிப் பார்த்த தம்பி மனைவிக்குச் சந்தோஷம். "பரவால்லையே, அத்தைக்கு நல்ல பசிபோல!" தட்டை எடுத்துக்கொண்டு போனவள், என்னைக் கீழே வரச் சொன்னாள்.

கீழே இருட்டத் தொடங்கியிருந்தது. தொட்டிகளுக்கு மேலே ஒரே ஒரு விளக்கு. மண் வாங்கக் குடியிருப்புக்காரர்கள் ஆளுக்கொரு பையோடு நின்றிருந்தார்கள். தோட்டக்காரர் தொட்டியின் பலகையைக் கழற்றி, மண்வெட்டியால் வாரிச் சல்லடையில் கொட்டினார். கறுப்பாக, உதிரியாக, மழை மண் வாசனையோடு விழுந்தது. எல்லோரும் ஆகா என்றார்கள். தம்பி மனைவிக்குப் பெருமை பிடிபடவில்லை.

அடுத்த வெட்டில் மண்வெட்டி நின்றது.

"இந்தத் தடவையும் இருக்கும்மா" என்றார் தோட்டக்காரர்.

"என்ன?" என்று கேட்டேன் நான்.

"சோறு. எல்லாம் மக்கிடுது. எலும்பே கரைஞ்சுடுது. இது மட்டும் மக்க மாட்டேங்குது. கிளறிப் பாத்துட்டேன், வேற தொட்டிக்கு மாத்தியும் பாத்துட்டேன்."

சல்லடையில் அவை உருண்டு கிடந்தன. ஒவ்வொன்றும் ஒரு கரண்டி அளவு. குழைத்த சோறு, கரண்டி வாகு அழியாமல் அப்படியே. எறும்பு தொடவில்லை, பூஞ்சணம் பிடிக்கவில்லை. விளக்கு வெளிச்சத்தில் ஆவி பறந்தது.

வெள்ளைச் சோறு இல்லை அது. இளஞ்சிவப்புச் சோறு.

குனிந்து ஒன்றைக் கையில் எடுத்தேன். இப்போது பரிமாறியது போல் சூடு. தொட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். அடுக்கடுக்காக, அடிவரைக்கும், அதேதான் கிடந்தது. நான் வரிசையில் நின்று வாங்கி அனுப்பிய மாத்திரை அத்தனையும் அங்கே இருந்தது.

தொட்டியின் அடியிலிருந்து அந்த ஈறுச் சத்தம் வந்தது.

"மூடுங்க. ஏதோ தப்பாக் கலந்திருக்கு, மூடுங்க" என்று தம்பி மனைவி பலகையைப் பிடித்து இழுத்தாள். அவள் குரலில் பயம் இல்லை. நாலு பேர் பார்க்கிறார்களே என்ற எரிச்சல்தான் இருந்தது.

மாடிப்படியில் வைத்து இரண்டு பேரையும் மறித்தேன். கையிலிருந்த சோற்றைத் தம்பியின் முகத்துக்கு நேராக நீட்டினேன்.

"உனக்குத்தான் கண்ணு சரியில்லையேக்கா" என்றான். "எதையோ பாத்துட்டு…"

"கண்ணுல புரைதான்டா. நான் குருடியாயிடல."

 பதில் சொன்னது தம்பி மனைவிதான். குரலைத் தாழ்த்தி, நியாயம் பேசுகிற தோரணையில் சொன்னாள்.

"உள்ள போனா வெளிய வரும் அண்ணி. ஒரு நாளைக்கு எத்தனை தடவை துணி மாத்தறது? ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம். நீங்க மாத்திரை அனுப்பிட்டு உக்காந்துட்டீங்க, கழுவினது நாங்க. ஒரேயடியா நிறுத்தல. குறைச்சோம், ரெண்டு வாயோட மிச்சத்தை வாளியில போட்டோம், அவ்வளவுதான்."

"அவர் கேக்கலையா?"

"அவருக்குத்தான் பேச்சு வராதே" என்றான் தம்பி.

எனக்கு அவனை அறைய வேண்டும்போல இருந்தது. அறையவில்லை. அதற்குள் மேலே அறையிலிருந்து அம்மாவின் பேச்சுக்குரல் கேட்டது. கொஞ்சுகிற குரல். நான் மூச்சிரைக்க ஓடினேன்.

அம்மா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, கொண்டுவந்த பையிலிருந்து ரொட்டியை எடுத்துத் தண்ணீரில் நனைத்துக்கொண்டிருந்தாள். தலையணையில் ஒரு பள்ளம். தலை வைத்துப் படுத்தால் விழும் பள்ளம்.

பள்ளம் அசைந்துகொண்டிருந்தது.

அம்மா நனைத்த ரொட்டியை அந்தப் பள்ளத்தின் மேலே நீட்டினாள். கை வெறுமையாகத் திரும்பியது.

"பாரேன்டி, எப்படிப் பறக்கறார்னு" என்றாள். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. "எத்தனை நாள் பசியோ."

நான் எதையும் யோசிக்கவில்லை. பையைத் தோளில் போட்டு, அம்மாவை இடுப்போடு அணைத்துத் தூக்கி, இறங்கி வந்துவிட்டேன். வாசல்வரை தம்பி வரவில்லை. அவள் வந்தாள். "நாங்க ஒண்ணும் அத்தையைப் போகச் சொல்லல, பாத்துக்கங்க" என்றாள், பக்கத்து வீட்டுக்காரர்களுக்குக் கேட்கும்படி.

அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட்டுவிட்டேன். வலது கண்ணில் இப்போது பாதி மூட்டம். அம்மாவாவது என் கண் முன்னால், தெரிகிற மட்டும், சாப்பிட்டுவிட்டுத் தூங்கட்டும் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்த முதல் ராத்திரியே அம்மா இன்னொரு தட்டு கேட்டாள். கட்டிலில் சுவர்ப்பக்கம் நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டிருந்தாள். அந்த இடத்தில் ஈரச் சருகு வாடை அடித்தது.

 ஆனாலும் தட்டு வைத்தேன். அன்றிலிருந்து வைக்கிறேன். எவ்வளவு போட்டாலும் காலியாகிறது.

அங்கே, தம்பி வீட்டில், ஒன்றுமே இல்லை. விளக்கு அணையவில்லை, கதவு தட்டப்படவில்லை. அந்தத் தொட்டியை மூடிவிட்டுப் பக்கத்தில் புதிதாக ஒன்று கட்டிவிட்டார்களாம். நன்றாகத் தூங்குகிறார்கள். பேய்க்குக்கூட ஆக்கிப் போடுகிறவள் வீடுதான் கண்ணில் படும்போல.

நேற்று எனக்குப் பொறுக்கவில்லை. கரண்டியைத் தரையில் வீசிவிட்டு, கட்டிலைப் பார்த்துக் கத்தினேன். "அப்பா, உங்களுக்கு அங்க போகத் தெரியாதா? அவன் கழுத்தைப் பிடிக்கத் தெரியாதா?"

மெல்லும் சத்தம் நின்றது.

அம்மா தலையணைப் பக்கம் காதைக் கொடுத்து வெகுநேரம் கேட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அவனை ஒண்ணும் சொல்லாதேங்கறார். வேலைக்குப் போற பிள்ளையாம், களைச்சு வருவானாம், பாவம்ங்கறார்."

 செத்த பிறகும் மகனை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை அந்த மனுஷனுக்கு.

அம்மா தட்டை என் பக்கம் நீட்டினாள். கழுவி வைத்ததுபோல் இருந்தது. விளிம்பில் மட்டும் கறுப்பு மண்ணில் ஒரு கட்டைவிரல் ரேகை, இன்னும் ஈரமாக.

"இன்னும் கொஞ்சம் கேக்கறார்டி" என்றாள்.