பச்சை மண்மேல் ஒரு வீடு

அரியலூர் ரயிலடிக்குத் தெற்கே, ஊர் முடிகிற இடத்தில், யுத்தம் ஓய்ந்த மறுவருஷம் ஒரே அச்சில் வார்த்ததுபோல் வரிசையாக ஓட்டு வீடுகள் எழும்பின. சம்பளக்காரர்களுக்கு வாடகைக்கு விடவென்று முதலாளி குருநாதன் கட்டியவை. கூட்ஸ் ஆபீஸ் குமாஸ்தா செல்வநாதனும் அவன் மனைவி இன்னாசிமேரியும் கடைசி வீட்டுக்கு முதல் ஆளாகக் குடிவந்தார்கள். வரதராஜன்பேட்டைக் கூட்டுக் குடும்பத்தில் வெந்தவளுக்குத் தனி அடுப்படி கிடைத்ததே பெரிய வரம். மாதா படத்தை மாட்டினாள். உலை வைத்தாள்.

விறகு பற்றியதும், ஈரச் சுண்ணாம்பு வாசத்தைக் கிழித்துக்கொண்டு வேறொரு வாசம் கிளம்பியது. பால் தீய்கிற வாசம். அடுப்பில் பால் இல்லை.

“சுடுது.”

திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. குரல் அறையிலிருந்து வரவில்லை. தரைக்குக் கீழேயிருந்து வந்தது.

“சுடுதும்மா...”

பானைத் தண்ணீரை அப்படியே அடுப்பில் கவிழ்த்தாள். புகை எழுந்தது. குரல் நின்றது.

“பக்கத்து வூட்டுப் புள்ளையா இருக்கும்” என்றான் செல்வநாதன்.

“பக்கத்து வூடு பூட்டியில்ல கெடக்கு?”

மறுநாள் அடுப்பை எதிர் மூலைக்கு மாற்றினாள். அங்கே வேறு குரல். பேச்சு வராத பிள்ளையின் குரல். அது வீறிட்டு அழ மட்டும் செய்தது. கொல்லையில் கல் கூட்டிப் பார்த்தாள். அங்கேயும்.

சோறில்லாமல் செல்வநாதன் கத்தியபோது, தீப்பெட்டியை அவன் கையில் திணித்தாள். “நீங்களே பத்த வைங்க.”

பற்ற வைத்தான். அடுத்த நொடி காலாலேயே நெருப்பை மிதித்து அணைத்தான். உள்ளங்கால் பொசுங்கியதுகூட அவனுக்குத் தெரியவில்லை.

கொல்லை வேலிக்கு வெளியே ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். தினமும் உச்சிவெயிலில் அங்கே நிற்பவள்தான். பாப்பாத்தி என்று பேர்.

“அடுப்பு மூட்டாத தாயி” என்றாள். “வாந்திபேதி வந்த வருஷம் எம்மவன இங்கதான் வச்சேன். எங்க தெருப் புள்ளைங்க எல்லாமே இங்கதான் கெடக்கு. பச்சப் புள்ளைய நெருப்புல வைக்கக் கூடாதுன்னுதான மண்ணுல வச்சோம்? வூடு கட்டுன அந்தாளு மேட்டையெல்லாம் வெட்டிச் சமமாக்கிட்டான். கால்ல வுழுந்தேன். பொணம் வந்து கேக்குமான்னு சிரிச்சான்.”

இன்னாசிமேரியின் பயம் அந்த இடத்திலேயே வற்றிப்போயிற்று. அவளுடைய தலைப்பிள்ளையும் மண்ணுக்குள்தான் இருந்தது, வரதராஜன்பேட்டைக் கல்லறையில், தலைமாட்டில் சிலுவையோடு. அதன்மேல் ஒருவன் அடுப்புப் போட்டால்?

“அந்தாளக் கூட்டிட்டு வாங்க” என்றாள் புருஷனிடம். “வரலன்னா, நானே அவரு வாசல்ல போயி மண்ண வாரித் தூத்துவேன்னு சொல்லுங்க.”

நடுப்பகலில் வில்வண்டி வந்து நின்றது. சலவை ஜிப்பா மொடமொடக்க, குருநாதன் அடுப்படிவரை வந்தார். பாப்பாத்தியைக் கண்டதும் முகம் கோணினார். “இவள யாரு உள்ள வுட்டது?”

“நான்தான். உக்காருங்க. புள்ளைங்க பேசுறதக் கேட்டுட்டுப் போங்க.”

“படிச்சவங்க பேசுற பேச்சாம்மா இது? தரிசு நெலம். இங்க ஒரு எலும்பு கெடையாது.”

“எலும்ப எங்க கொட்டுனய்யா?” பாப்பாத்தியின் குரல் உடைந்தது.

“கொட்டுறதா? ஆளு வச்சுப் பொறுக்கவா முடியும்? மேல மண்ணடிச்சு மெத்திட்டோம்.”

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது அவருக்கு.

இன்னாசிமேரி அடுப்பைப் பற்றவைத்தாள்.

பால் தீய்கிற வாசம் வந்தது.

குரல் வரவில்லை.

குருநாதன் சிரித்தார். அடுப்புக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து, தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். “எங்கம்மா? பேசச் சொல்லு!”

அழுகை இல்லை. முனகல் இல்லை. விறகு வெடிக்கிற சத்தம்கூட இல்லை.

“நாளைக்கே வூட்டக் காலி பண்ணிடுங்க” என்று எழுந்து திரும்பினார்.

வெள்ளை ஜிப்பாவின் முதுகில் சாம்பல் கை ஒன்று பதிந்திருந்தது.

பிள்ளைக் கை.

அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அதன் பக்கத்தில் இன்னொன்று பதிந்தது. அதைவிடச் சின்னது. பிறகு தோளில். பிறகு பிடரியில்.

செல்வநாதன் சொல்ல வாயெடுத்தான். இன்னாசிமேரி அவன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

“சொல்லாதீங்க.”

குருநாதன் வாசலை நோக்கி நடந்தார். ஒவ்வோர் அடிக்கும் முதுகு கொஞ்சம் வளைந்தது. பாப்பாத்தி நிலைப்படியில் நின்று, அவரைப் பார்க்காமல், அவர் தோளைப் பார்த்து மெல்லச் சொன்னாள்.

“பத்தரமாப் போயிட்டு வா, கண்ணு.”

குருநாதன் வண்டியில் ஏறினார். அவர் ஒருவர்தான் ஏறினார். பின்பக்கம் அச்சு முனகித் தாழ்ந்தது. நுகத்தடி மாடுகளின் கழுத்தைவிட்டு மேலே எழும்பியது. வண்டிக்காரன் ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு மூக்கணாங்கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு கத்தினான்.

“பின்பாரமா இருக்கு மொதலாளி! புள்ளைங்கள எல்லாம் முன்னால தள்ளி உக்காரச் சொல்லுங்க!”