செவலையின் விசில்

"ஆஃப் பண்ணாதீங்க... சாவியில கை வைக்காதீங்க..."

கொட்டுகிற மழையில் கார்க் கண்ணாடியைத் தட்டித் தட்டி ஒருவன் கத்திக்கொண்டிருந்தான். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வரும் வழியில் வைப்பர் நின்றுபோய், எதிரே சாலையா சுவரா என்று தெரியாமல், கண்ணில் பட்ட முதல் கூரைக்கடியில் அப்போதுதான் வண்டியை ஓரங்கட்டியிருந்தாள். கூரை இவனுடையது போலிருக்கிறது. அதற்காக இப்படியா கத்துவது...

யாரோ ஒருவன் சொல்லி நான் கேட்பதா? டக்கென்று சாவியைத் திருகினாள். செவலை என்று வீட்டில் பெயர் வைத்திருந்த அந்தக் கார் ஒரு குலுக்குக் குலுக்கி அடங்கியது.

அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். "போச்சு."

"என்ன போச்சு? உங்க கடை வாசல்ல கொஞ்ச நேரம் நின்னா குடி முழுகிடுமா?"

"நின்னதுக்கு யாரு மேடம் சொன்னா? மேட்டு ரோட்டுல விரட்டிட்டு வந்த டர்போ வண்டி இது. என்ஜினுக்குள்ள காத்தைத் தள்ளற சக்கரம் நெருப்பா சுத்திட்டிருக்கும். டக்குன்னு நிறுத்தினா ஆயில் வர்றதும் நின்னு, இருக்கற ஆயில் அங்கயே கருகிடும். ஓடி வந்தவனைக் கொஞ்சம் மூச்சு வாங்க விட வேணாமா? சும்மா ஓடவிட்டு, சூடு தணிஞ்சதும் ஆஃப் பண்ணணும்... பழைய வண்டியாச்சே, முன்னாடி வச்சிருந்தவர் சொல்லலியா?"

முன்னாடி வைத்திருந்தவர்...

அவளுடைய அண்ணன்தான். அண்ணன் தினமும் வேலை முடிந்து வந்ததும் வாசலில் காரை ஓடவிட்டபடி உள்ளேயே உட்கார்ந்திருப்பான். "உள்ள வாடா, ஆறிப்போகுது" என்று அம்மா அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பாள். எவளோ ஒருத்தியோடு போனில் கொஞ்சுகிறான் என்று இவள் கோள் மூட்டுவாள். அவன் சிரிப்பானே தவிர மறுத்துச் சொன்னதில்லை. கடைசியில் பார்த்தால் செவலைக்கு மூச்சு வாங்க நேரம் கொடுத்திருக்கிறான், படுபாவி. இவ்வளவு சின்ன விஷயம் தெரிய வருவதற்குள் அவனே போய்ச் சேர்ந்துவிட்டான்...

கண்ணாடியை இறக்கினாள். சாரல் முகத்தில் அடித்தது. அவளுடைய பெரிய கண்கள் இரண்டும் தளும்பி நின்றன. மழைத்துளி எது, கண்ணீர் எது என்று பிரித்துச் சொல்ல அவனால் முடியவில்லை. தான் கத்தியதால்தான் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, அந்த நெடிய மனிதன் வெலவெலத்துப் போனான்.

"மன்னிச்சுக்கங்க... வைப்பரைப் பார்க்கட்டுமா?"

பார்த்தான். சரியும் செய்தான். ஆறடி உயரத்தையும் மடக்கி, நனைந்த தலையைக் குனிந்துகொண்டே செய்தான். அவள் கிளம்பும்போது, நேரம் கிடைத்தால் ஒருநாள் கொண்டுவந்து விடுங்கள், பழைய வண்டி, பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது என்றான்.

டர்போ வண்டிகளை மட்டுமே தொடுவான் என்பதால் அந்த வட்டாரத்தில் அவனுக்கு டர்போக்காரன் என்றே பெயர். அவளோ ஆஸ்பத்திரியில் எக்ஸ்-ரே எடுப்பவள். பகல் முழுக்க இருட்டறையில் நின்று, 'மூச்சை இழுங்க... பிடிங்க... விடுங்க' என்று சொல்கிற வேலை. வேலை முடிந்து போகும் வழியில்தான் அவன் கடை என்பதால் அடுத்த வாரமே எட்டிப் பார்த்தாள். அதற்கடுத்த வாரமும் பார்த்தாள். வைப்பர் ரப்பர், பெல்ட், கசிகிற ஏதோ ஒரு வாஷர்... பழைய வண்டியில் காரணத்துக்கா பஞ்சம்!

"இன்னிக்கு எத்தனை எலும்பு?" என்பான் என்ஜினுக்குள் தலையை விட்டபடி.

"எலும்பு நிறைய. மூச்சைப் பிடின்னா ஒருத்தரும் பிடிக்க மாட்டேங்கறாங்க. விடுன்னா விடறதில்ல."

"எங்கிட்ட வர்றவங்களும் அப்படித்தான். ஆஃப் பண்ணாதேன்னா பண்ணுவாங்க."

அவள் முறைப்பாள். அவன் சிரிப்பு என்ஜினுக்குள்ளிருந்து கேட்கும். அதன்பின் மழை ஓயும்வரை இருவரும் ஒன்றும் பேசாமல் நிற்பார்கள். அந்த மௌனம் அவளுக்குப் பிடித்திருந்தது. வீட்டில் இருந்த மௌனம் வேறு மாதிரி... அதில் மூச்சு முட்டும்.

அண்ணன் இறந்ததை அவனிடம் சொல்லியிருந்தாள். மழைக்காலம் தொடங்கிய அன்று, செவலை நனையக் கூடாதென்று அதை வீட்டிலேயே விட்டுவிட்டு, நண்பனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனவன் திரும்பவில்லை. செங்காவி நிறத்தில் பழைய வண்டியாக வாங்கிவந்து, செவலை என்று மாட்டுக்கு வைப்பதுபோல் பெயர் வைத்தவனும் அவன்தான். இதையெல்லாம் சொன்னாள். ஒன்றை மட்டும் சொல்லவில்லை.

விசிலைப் பற்றித்தான். அவர்கள் வீட்டுத் தெரு நல்ல ஏற்றம். தெருமுனையில் திரும்பி ஒரு மிதி மிதித்தால் செவலையிலிருந்து 'வீ...' என்று ஒரு விசில் எழும்பும். அது கேட்டதும் அம்மா அடுப்பைக் குறைத்துவிட்டுப் போய் கேட்டைத் திறப்பாள். வருஷக் கணக்கில் அப்படித்தான். விபத்து நடந்த அன்று செவலை வீட்டிலேயே நின்றதால் விசிலுக்கு வழியில்லை. அது தெரிந்தும் அம்மா பழக்கத்தில் கேட்டருகிலேயே நின்றாள். விசிலுக்குப் பதில் போன் வந்தது.

அதற்குப் பிறகு அம்மா படுத்தால் எழுவதில்லை. எழுந்தால் பேசுவதில்லை. ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் பஸ் கிடைக்காமல் இவள் செவலையை எடுத்துப் போனாள். திரும்பும்போது ஏற்றத்தில் தெரியாமல் மிதித்துவிட்டாள். விசில் வந்தது. பார்த்தால்... கேட் திறந்திருந்தது. அம்மா நின்றிருந்தாள். வீட்டில் விளக்கு எரிந்தது.

அன்றிலிருந்து தினமும் செவலைதான். கிளட்ச் மிதித்து மிதித்து முழங்கால் வலித்தாலும் சரி. அண்ணன் வருகிறான் என்று அம்மா ஏமாந்துவிட்டுப் போகட்டும், எழுந்து நடமாடினால் போதும் என்று இவள் நினைத்தாள். இதைப் போய் யாரிடம் சொல்வது? சொன்னால் பைத்தியம் என்பார்கள், இரண்டு பேரையும்.

ஒருநாள் ஆயில் மாற்ற வண்டியை விட்டுப் போனாள். மாலையில் வந்தபோது டர்போக்காரன் முகத்தில் பரீட்சையில் தேறிய பிள்ளையின் களை. "ஓட்டிப் பாருங்க, அப்புறம் சொல்லுங்க" என்றான். அவளும் சிரித்துக்கொண்டே கிளம்பினாள். செவலை குமரன்போல் பாய்ந்தது. மேட்டு ரோடு மேடாகவே தெரியவில்லை. இவனை என்னதான் செய்வது என்று உள்ளுக்குள் குழைந்தபடியே தெருமுனையில் திரும்பி, வழக்கமான இடத்தில் மிதித்தாள்.

விசில் வரவில்லை.

இன்னும் மிதித்தாள். என்ஜின் உறுமியதே ஒழிய விசில் இல்லை. கேட் மூடியே கிடந்தது. மழையில் இறங்கித் தானே திறந்துகொண்டு உள்ளே போனாள். விளக்குப் போடாத சமையலறையில் நாற்காலியில் அம்மா உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் ஏதோ தீய்ந்துகொண்டிருந்தது. இவள் கையைத் தொட்டதும் அம்மா நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தேம்பத் தொடங்கினாள்.

மகனை இரண்டாம் முறை சாகக் கொடுத்துவிட்டாள்... கொடுக்க வைத்தது நான்தான் என்று தன்னையே நொந்தபடி அவள் அடுப்பை அணைத்தாள்.

மறுநாள் காலையில் கடை திறக்கும் முன்பே போய் நின்றாள். விசிலை என்ன செய்தீர்கள் என்று கேட்டாள். அவன் பெருமையோடுதான் சொன்னான். டர்போவிலிருந்து என்ஜினுக்குக் காற்று போகிற ரப்பர்க் குழாயில் வெடிப்பு, அழுத்தம் ஏறும்போது அந்த வெடிப்பு வழியாகக் காற்று பிதுங்கி விசிலடித்தது, புதுக் குழாய் போட்டுவிட்டேன் என்றான்.

"பழசை எடுத்து மாட்டுங்க."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் சிரிப்பை நிறுத்தினான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அவன் முகம் வெளிறியது. ஆனாலும் தலையை மட்டும் ஆட்டவில்லை.

"மாட்ட மாட்டேன்."

"என் வண்டி அது."

"அந்தக் குழாய் ஏத்தத்துல கிழிஞ்சுதுன்னா வண்டி இழுவை இல்லாம அப்படியே நின்னுடும். பின்னாடி லாரி வந்துட்டிருக்கும். முன்ன ஒருத்தர் பிடிவாதம் பிடிச்சார், கேட்டபடியே செஞ்சு குடுத்தேன். இன்னிக்கும் அவர் காலை இழுத்துத்தான் நடக்கறார். உங்களுக்கு அப்படிச் செய்ய என்னால முடியாது."

"உங்களுக்கு மிஷினோட சத்தம்தான் தெரியும். மனுஷங்க தெரியாது."

சொன்ன பிறகுதான் அதன் கூர் அவளுக்கே தெரிந்தது. அவன் கையைத் துடைத்த துணியையே திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தான். அவள் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அதன்பின் வந்த நாட்களை என்னவென்று சொல்வது... மழை விடவில்லை. அவள் சுற்று வழியில் போய்வந்தாள். செவலை பட்டுப்போல் ஓடியது. அந்த மென்மை அவளுக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. அம்மா மறுபடியும் படுக்கைக்கே திரும்பினாள். இருட்டறையில் 'மூச்சை விடுங்க' என்று சொல்ல மறந்து, ஒரு கிழவரை முகம் சிவக்க நிற்க வைத்துவிட்டாள். போன் பண்ணலாம்தான். அவன் பண்ணட்டுமே... தப்பு செய்தவன் அவன்தானே? தப்பில்லை என்று மனதுக்குத் தெரியும். மனதின் பேச்சை அவள் என்றைக்குக் கேட்டாள்?

ஞாயிற்றுக்கிழமை மாலை கேட் தட்டும் சத்தம். போய்ப் பார்த்தால் டர்போக்காரன். தலை நனைந்து சொட்டியது. கையில் துணியில் சுற்றிய பழைய குழாய்.

"வண்டியில மாட்ட முடியாது. ஆனா இது உங்க வீட்டுப் பொருள்... அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிடறேன்."

அம்மா படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்தாள். அவன் அவளெதிரே சின்னப் பையனைப்போல் நின்றான்.

"உங்க பையன் சத்தத்தைத் தெரியாம எடுத்துட்டேம்மா. என்னை மன்னிச்சிடுங்க."

அம்மா அவனையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். வெகு நாளைக்குப் பிறகு அவள் குரல் முழுசாக வந்தது.

"என் பிள்ளை வரமாட்டான்னு எனக்குத் தெரியாதா தம்பி? அவனைக் குளிப்பாட்டி அனுப்பினவ நான். விசில் கேட்டா, இவ, என் பாப்பா, வந்துட்டான்னு எழுந்து போவேன். நீங்க குழாய் மாத்தின அன்னிக்கு விசில் வரல்ல. ஒண்ணு அப்படித்தான் போச்சு... இதுவும் போயிடுச்சோன்னு கை கால் ஓடாம உக்காந்துட்டேன். இப்பவும் இவ கண்ணு முன்னாடி வந்து நிக்கிற வரைக்கும் உயிரு உயிரா இல்ல."

அவளுக்கு அழுகை வெடித்தது. அம்மா அண்ணனுக்காக எழுந்ததாக அல்லவா இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தாள்! உயிரோடிருக்கிற தனக்காகவும் ஒருத்தி வாசலில் காத்திருந்தாள் என்பது அவள் புத்தியில் உறைக்கவே இல்லை. ஓடிப்போய் அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்தாள்.

"எனக்கு விசிலே வேணும்னு இல்ல தம்பி" என்றாள் அம்மா, மகளின் தலையைத் தடவியபடி. "இவ வந்துட்டான்னு தெரியறதுக்கு ஒரு சத்தம் வேணும். அவ்வளவுதான்."

டர்போக்காரன் கையிலிருந்த பழைய குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு, "அது என்னால முடியும்மா" என்றான்.

அடுத்த நாள் காலையில் அவள் கடையில் விட்டுப்போன செவலை, சாயங்காலம் வேலை முடிந்து போனபோது தயாராக நின்றது. புதிதாக ஒரு வால்வு போட்டிருந்தான். மிதித்து விரட்டிவிட்டுக் காலை எடுக்கும்போது மிஞ்சுகிற காற்றை இது வெளியே விட்டுவிடும், டர்போவுக்கும் நல்லது என்றான். இந்த முறை அவனும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். வானம் மூட்டமாகவே இருந்தது. தெருமுனையில் திரும்பினாள். ஏற்றத்தில் மிதித்தாள். வீட்டு வாசலுக்கு நேராக வந்ததும் காலை எடுத்தாள்.

"உஸ்ஸ்ஸ்..."

நீண்ட ஒரு பெருமூச்சு. அண்ணனுடைய விசில் இல்லை இது. அவளுடையது... அவளுக்கே அப்படித்தான் தோன்றியது. வாசல் விளக்கு எரிந்தது. குடையோடு வந்த அம்மா கேட்டை அகலத் திறந்துவிட்டு, வண்டிக்குள் மகள் முகத்தைத் தேடிப் பார்த்துவிட்டு, உள்ளே திரும்பினாள்.

அவள் கை சாவிக்குப் போகவில்லை. என்ஜின் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் தூறல் வழிந்தது.

"மிஷின் சத்தம்தான் தெரியும்னீங்க..." என்றான் அவன், எதிரே பார்த்தபடி. "நிஜம்தான். தினமும் சாயங்காலம் அந்த விசில் கடையைத் தாண்டிப் போகும். ஸ்பேனரைக் கீழ வச்சுட்டு நிப்பேன். குழாயில வெடிப்புன்னு முதல் நாளே தெரியும். மாத்தாம தள்ளிப் போட்டுட்டே வந்தேன்... மாத்திட்டா நீங்க போறது எனக்குத் தெரியாதே."

"அப்புறம் ஏன் மாத்தினீங்க?"

"உங்களுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயம். ஆசையைவிட அது பெருசா போச்சு."

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். முதல்நாள் மழையில் பார்த்த அதே முகம். அவள் கண்கள் அன்றுபோலவே தளும்பின. இன்று அவற்றை மறைக்க அவளுக்குத் தோன்றவில்லை.

"இனிமே சத்தத்துக்காக அங்க நிக்க வேணாம்" என்றாள். "உங்களைத் திட்டிட்டுப் போன நாள்லேர்ந்து எனக்கும் மூச்சு சரியா வரல்ல. நீங்க இல்லாம முடியாது... பக்கத்துலயே உக்காந்துக்கங்க."

அவன் கியரின் மேலிருந்த அவள் கைமேல் தன் கையை வைத்தான். ஆயில் கறை படிந்த கை.

உள்ளே அடுப்படியிலிருந்து ஒரு குரல் வந்தது. அண்ணன் போனதிலிருந்து அந்த வீட்டில் கேட்காத வார்த்தை.

"உள்ள வாங்க ரெண்டு பேரும்... ஆறிப்போகுது."