மஞ்சள் தடவிய ஈரல்

எலிகள் சாகவில்லை.

பதினொரு மணிக்கு ஊட்டிய சாறு. இப்போது மணி பன்னிரண்டு நாற்பது. கூண்டுக்குள் ஆறு வெள்ளெலிகளும் கம்பியில் ஏறுவதும் இறங்குவதுமாக, தண்ணீர்க் குழாயை நக்கி டிக் டிக்கென்று சத்தம் எழுப்பிக்கொண்டு, மரத்தூளைக் கிளறி அந்தப் புளித்த மூத்திர வாடையை அறை முழுக்கப் பரப்பிக்கொண்டு, கல்யாண வீட்டுப் பிள்ளைகள் மாதிரி குதியாட்டம் போட்டன. டார்லினுக்கு அது பிடிக்கவில்லை. பன்னிரண்டு வருடமாக இந்த ஆய்வுக்கூடத்தில் விஷம் பார்க்கிறவள் அவள். ஒரே வம்சத்துக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகக் கலந்து வளர்த்த எலிகள் இவை. ஒன்று விழுந்தால் கொஞ்ச நேரத்தில் ஆறும் விழும். அரை மணி நேரத்துக்கு மேல் எதுவும் தாங்கியதில்லை.

களக்காட்டுப் பக்கம் ஒரு வாழைத்தோட்டத்தில் நேற்று சாயங்காலம் நாற்பது ஆடுகள் செத்துக் கிடந்தன. வாழைக்குப் போடுகிற குருணை மருந்தாகத்தான் இருக்கும் என்று கால்நடை மருத்துவர் சிவசண்முகத்துக்குச் சந்தேகம். ஈரலை எடுத்து ஐஸில் வைத்துக் காலை முதல் பஸ்ஸில் ஏற்றிவிட்டிருந்தார். "அரக்கு வைக்க நேரமில்லம்மா, மூடியில சீட்டு ஒட்டிருக்கேன், பாத்துக்க" என்று போனில் சொன்னார். அந்த ஈரலின் சாறுதான் இந்த எலிகளின் வயிற்றில் இருக்கிறது. நாற்பது ஆட்டைக் கொன்றது ஆறு எலியை ஒன்றும் செய்யவில்லை.

இன்னொரு தடவை செய்து பார்த்துவிடலாம் என்று ஃபிரிட்ஜைத் திறந்து தெர்மோகோல் பெட்டியை வெளியே எடுத்தாள். ஐஸ் உருகிய தண்ணீர் மஞ்சளாக நின்றது. காலையிலும் அந்த மஞ்சளைப் பார்த்தாள். பித்தநீர் கசிந்திருக்கும் என்று நினைத்து, அவசரத்தில் ஓரமாக ஒரு துண்டு வெட்டிக்கொண்டதோடு சரி. இப்போது ஈரலைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினாள். மடிப்பிலெல்லாம் அப்பியிருந்தது. முகக்கவசத்தை இறக்கி, முகர்ந்தாள்.

மஞ்சள்தூள்.

சோதனைக்கு அனுப்புகிற ஈரலில் எந்த மருத்துவரும் மஞ்சள் தடவ மாட்டார். சாப்பிட அனுப்புகிறவர்தான் தடவுவார். அவளுடைய அண்ணன் ஞானசிகாமணி தடவுவார்.

அதே பஸ்ஸில் இரண்டு பெட்டிகள் வந்தன. மகள் எப்சி டெங்குக் காய்ச்சலிலிருந்து எழுந்து பத்து நாள்தான் ஆகிறது. ஏழு வயதுப் பிள்ளை வாடிய கீரைத்தண்டாகக் கிடந்தாள். பிள்ளைக்கு ஈரல் கொடுத்தால் ரத்தம் ஊறும் என்று அண்ணன் களக்காட்டில் ஆடறுத்து அனுப்பியிருந்தார். பஸ் நிலையத்தில் கண்டக்டர் இரண்டு பெட்டிகளையும் ஒன்றாக இறக்கி வைத்தார். இரண்டும் வெள்ளை. இரண்டிலும் வாழைநார்க் கட்டு. சீட்டு ஈரத்தில் ஊறி எங்கேயோ விழுந்திருந்தது. டார்லின் இரண்டையும் தூக்கிப் பார்த்தாள். கனமானதுதான் நம் வீட்டுக்கு, அண்ணன் கை தாராளம் அப்படி, என்று சிரித்துக்கொண்டே அதைக் கணவன் எஸ்றாவின் பைக்கில் வைத்துக் கட்டியவள் அவளேதான். சிவசண்முகம் நாலைந்து ஆட்டு ஈரலைச் சேர்த்து அனுப்பியிருப்பார் என்று அப்போது புத்தியில் உறைக்கவில்லை.

எஸ்றாவுக்குப் போன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. சார்ஜில் போட்டுவிட்டு அடுக்களையில் நிற்பார். வாத்தியாருக்கு மே மாதம் லீவு. சமையல் அவர் பொறுப்பு. கோயிலில் நடக்கும் விடுமுறை வேதப்பள்ளி விட்டு எப்சி ஒரு மணிக்கு வருவாள். வந்ததும் தட்டின் முன்னால் உட்காருவாள்.

இருபது நிமிடம் இருந்தது.

பேட்டை ரோட்டில் ஸ்கூட்டரை எவ்வளவு முறுக்கியும் அது நகராதது போலிருந்தது. ஜங்ஷனில் பஸ்களின் புகை, வெயிலில் இளகிய தார் வாடை, காதைக் கிழிக்கும் ஹாரன். ஆற்றுப் பாலத்தில் ஏறியபோது கீழே தாமிரபரணியில் யாரோ துணி துவைக்கும் சத்தம் தப்பு தப்பென்று ஏறி வந்து அவள் நெஞ்சுக்குள்ளேயே அடித்தது. சிக்னலில் நிற்கும்போதெல்லாம் போன் போட்டாள். எடுக்கவில்லை. ஆண்டவரே, இன்றைக்கு அவளுக்குப் பசிக்க வேண்டாம். ஆண்டவரே, அடம்பிடிக்கட்டும். வாயைத் திறக்க வேண்டாம்.

பாளையங்கோட்டையில் வீட்டு வாசலில் ஸ்கூட்டரைப் போட்டுவிட்டு ஓடினாள். மணி பன்னிரண்டு ஐம்பத்தேழு. மிளகு வறுத்த மணம் தெருவரைக்கும் வந்திருந்தது. எஸ்றா வாணலியைக் கழுவிக்கொண்டிருந்தார். சாப்பாட்டு மேசையில் தட்டு இல்லை. எப்சியின் செருப்பும் இல்லை. டார்லினுக்கு உயிர் வந்தது.

"என்னட்டி, இந்நேரத்துல வந்து நிக்க?"

"ஈரல் எங்கங்க?"

"உங்க அண்ணன் எம்புட்டு அனுப்பிருக்காவ தெரியுமா? அஞ்சு ஈரல்! வேதப்பள்ளி இன்னைக்குக் கடைசி நாளுல்லா, பன்னெண்டு மணிக்கே பந்தி. புள்ளைகளுக்கு ஆகட்டும்னு மொத்தத்தையும் நல்லமொளவு போட்டு வறுத்துக் கொண்டு குடுத்துட்டேன். நம்ம எப்சிதான் எல்லாருக்கும் வெளம்புனா. அவளும் ரெண்டு மட்டம் வாங்கித் தின்னா."

டார்லின் சுவர்க்கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஒண்ணு பாத்தியா," என்று எஸ்றா முகத்தைத் துடைத்தார். வேர்வை சொட்டியது. "வீட்டுல பூண்டே இல்ல. போடல. ஆனா வறுக்கையில பூண்டு வாசம் தூக்குச்சு."

அந்த வாசம் என்னவென்று அவளுக்குத் தெரியும். குருணை மருந்தின் வாசம்.

"நீங்க தின்னீயளா?"

"உப்புப் பாக்க ஒரு துண்டு. ஏன்? எனக்கு என்னமோ கண்ணு மங்கலா..."

"நூத்தெட்டுக்குப் போன் போடுங்க! கோயிலுக்கு வரச் சொல்லுங்க! அது விஷம்!"

அவரை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். கட்டிய கணவனை. நின்று பார்க்கவில்லை.

கோயில் இரண்டு தெரு தள்ளி. வெயிலில் ஒரு ஆளும் இல்லை. திருப்பத்தில் பாட்டு கேட்டது. வரிக்கு வரி கை அசைத்துப் பிள்ளைகள் பாடுகிற ஆக்‌ஷன் பாட்டு. பாடுகிறார்கள். பாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தப்பிவிட்டார்கள்.

கேட்டைத் தாண்டினாள். கால் தயங்கியது.

பாடுவது ஒரே குரல். ஸ்பீக்கர். பிள்ளைகளின் குரல் ஒன்றுகூட இல்லை.

படியில் ரீபா டீச்சர் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கையில் கரண்டி. கடைவாயில் நுரை.

"டீச்சர்."

கரண்டி நழுவிப் படியில் விழுந்தது.

கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே வெளிச்சம் குறைவு. மின்விசிறிகள் சுற்றின. மிளகு. பூண்டு. வாந்தி.

தள்ளினாள்.

முப்பது பிள்ளைகள். வரிசை கலையாமல், பாயில். முன்னால் நக்கித் துடைத்த தட்டுகள். எல்லா முகத்திலும் கண்ணீர் வழிந்தது. யாரும் அழவில்லை. யாரும் பாடவில்லை. கைகள் மட்டும் அசைந்தன. மேலே, கீழே, மேலே. ஒரே மாதிரி.

முதல் வரிசையில் எப்சி. அம்மாவைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தாள். உதடு கோணிக்கொண்டு போனது.

ஸ்பீக்கரில் பாட்டு முடிந்தது.

அறுபது கைகளும் ஆடிக்கொண்டே இருந்தன.