முக்குளிப்பான் திருப்பிக் கொடுத்தவை

நான் வேலையில் சேர்ந்த திங்கட்கிழமை காலையில் தூறிக்கொண்டிருந்தது. ஏரிக்கரையில் நீளமான பழைய கட்டடம். வாசலில் ‘நீர்ப்பறவைகள் அறக்கட்டளை மருத்துவமனை’ என்று துருப்பிடித்த பலகை. உள்ளே நுழைந்ததும் பச்சை மீன் வாடையும் பினாயில் நெடியும் ஈர இறகின் கவிச்சியும் ஒன்றாக மூக்கில் ஏறின. எனக்கு அது பிடித்திருந்தது. பறவைகளுக்கு வைத்தியம் பார்க்கத்தான் படித்தேன்.

பறவைகளைக் கழுவும் அக்காதான் என்னைச் சுற்றிக் காட்டினாள். ஆலைக் கழிவெண்ணெய் ஏரியில் கலந்ததிலிருந்து ஓய்வே இல்லையாம். எண்ணெய் படிந்த பறவையைச் சோப்பு நீரில் கழுவி, அலசி, துவட்டி, தொட்டியில் நீந்தவிட்டுப் பார்க்கவேண்டும். இறகின்மேல் தண்ணீர் முத்து முத்தாய் உருண்டு ஓடினால் பறவை தேறிவிட்டது. தண்ணீர் ஊறினால் தேறவில்லை. அப்படிப்பட்டதை ஏரியில் விட்டால் நனைந்த துணி மாதிரி அமிழ்ந்துவிடும்.

மூன்றாம் அறையின் கூண்டுகள் காலி என்று பதிவேடு சொன்னது. ஆனால் நான்கு கூண்டுகளில், நெற்றியில் வெள்ளை நாமம் போட்ட கறுப்பு நீர்ப்பறவைகளான நாமக்கோழிகள் இருந்தன. ஒவ்வொன்றையும் நீலத் துண்டில் கழுத்துவரை பாந்தமாகச் சுற்றி, தலை மட்டும் தெரிய வைத்திருந்தார்கள். தொட்டுப் பார்த்தேன்.

நான்கும் செத்து விறைத்திருந்தன.

கால் வளையத்தின் எண்ணைப் பதிவேட்டில் தேடினேன். ‘குணமானது. சனிக்கிழமை ஏரியில் விடப்பட்டது.’

“யாரு அக்கா இதையெல்லாம் திரும்பக் கொண்டாந்து வெச்சது?”

“எங்க அண்ணன்.”

“கூப்பிடுங்க அவரை. பேசணும்.”

அக்கா ஒரு துண்டை உதறி மடித்தாள். “செத்து நாலு மாசமாச்சு டாக்டரம்மா.”

அவள் அண்ணன் இங்கே கூண்டுகளைப் பார்த்துக்கொண்டவன். மூச்சடக்கி முங்கிப் பறவைகளை மீட்பதால் முக்குளிப்பான் என்றே பெயர் வந்துவிட்டது. நன்கொடை தருபவர்கள் வரும் நாளில் அறக்கட்டளைச் செயலாளருக்கு விழா வேண்டும். தேறியது, தேறாதது எல்லாவற்றையும் ஏரியில் விடச் சொல்வார். இவன் சண்டை போடுவான். பிறகு அவற்றின் பின்னாலேயே முங்குவான். ஒருநாள் முங்கியவன் எழவில்லை. உடலும் கிடைக்கவில்லை. ‘கால் தவறி விழுந்தார்’ என்று அறக்கட்டளை எழுதிக்கொடுத்தது.

“அப்புறம் எப்ப விட்டாலும் ரெண்டு நாள்ல இப்படித்தான்,” என்றாள். “பாத்துப் பாத்துச் சுத்தி வெச்சிருப்பான்.”

பேயை நான் நம்பவில்லை. செத்த நான்கு பறவைகளை நம்பினேன். நேரே செயலாளர் அறைக்குப் போனேன்.

“தேறாததை விட்டா முங்கிச் சாகும் சார்.”

“சாகறது தண்ணிக்குள்ள,” என்றார் சிரித்துக்கொண்டே. “யார் பாக்கப் போறாங்க? வெள்ளிக்கிழமை பெரிய மனுஷங்க வர்றாங்க. பதினோரு நாமக்கோழி. குணமாச்சுன்னு கையெழுத்துப் போடுங்க.”

“முடியாது.”

“உங்களுக்குப் பதிலா எனக்கு ஆள் கிடைக்காதா?”

மேஜையைக் கவிழ்க்கலாம் போலிருந்தது. கவிழ்க்கவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

அந்தக் கோபம் இன்றுவரை ஆறவில்லை. அதில் பாதி என்மீது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. ஏரிமேல் பனிமூட்டம். படகில் நானும் செயலாளரும், பதினோரு பெட்டிகளும். கரையில் கேமராக்களோடு கூட்டம். அவர் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்தார். பறவைகள் கொஞ்ச தூரம் நீந்தின. பிறகு வால்பக்கம் தாழ்ந்தது. பிறகு முதுகு.

கரையில் கைதட்டினார்கள்.

“சார், அமிழுது!”

“சிரிங்க. படம் எடுக்கறாங்க.”

துடுப்பைப் பிடுங்கி வலித்தேன். படகு அசையவில்லை. யாரோ அடியில் பிடித்து நிறுத்தியது போலிருந்தது. அழுகிய சேற்று வாடை எழுந்தது. பனி நெருங்கி மூடியது. கைதட்டல் எங்கோ தொலைவில் கேட்டு, நின்றுபோனது.

படகின் ஓரமாக ஒரு நாமக்கோழி தண்ணீரைவிட்டு மேலே வந்தது.

பறக்கவில்லை. ஏந்தப்பட்டு வந்தது.

ஊறி வெளுத்துத் தோலுரிந்த இரண்டு உள்ளங்கைகள், அதை மெல்லப் படகுக்குள் வைத்துவிட்டு இறங்கின. பறவை இருமியது. உயிரிருந்தது.

இரண்டாவது. மூன்றாவது.

எண்ணிக்கொண்டே இருந்தேன். பதினொன்று.

கைகள் மறுபடியும் வந்தன. வெறுங்கைகள்.

“யாரு... யாரது?” செயலாளரின் குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது.

அவர் மணிக்கட்டைப் பற்றின. அவ்வளவுதான். சத்தமில்லை. அலைகூட இல்லை. உட்கார்ந்திருந்த இடம் காலி.

அடுத்து என் பக்கம். ஐந்து விரல்கள் படகின் விளிம்பைப் பிடித்தன. படகு சாய்ந்தது.

“நானும்தான் கையெழுத்துப் போட்டேன்,” என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை. “சாகும்னு தெரிஞ்சே போட்டேன்.”

விரல்கள் அப்படியே இருந்தன.

வெகுநேரம்.

பிறகு ஒவ்வொன்றாக விலகின.

இரண்டு நாள் ஏரியைச் சல்லடை போட்டுத் தேடினார்கள். மூன்றாம் நாள் காலை அக்கா என்னை மூன்றாம் அறைக்குக் கூட்டிப்போனாள். கூண்டு கொள்ளாததால் செயலாளரின் உடல் தரையில் கிடத்தப்பட்டிருந்தது. நீலத் துண்டுகள் கழுத்துவரை, பாந்தமாக.

“எங்க அண்ணன் யாரையும் தண்ணியிலேயே விட்டுட்டு வரமாட்டான்,” என்றாள் அக்கா.

நடந்ததை நடந்தபடியே போலீஸிடம் சொன்னேன். ‘படகு விபத்து’ என்று எழுதிக்கொண்டார்கள். பதினோரு பறவைகளும் பிழைத்தன. இப்போது எதை, எப்போது விடுவது என்பதை நான்தான் முடிவு செய்கிறேன்.

அப்படித்தான் வெளியே சொல்கிறேன்.

விடுவிப்புத் தாளில் பேனாவை வைத்ததும் ஈரமான, சில்லென்ற ஏதோ ஒன்று என் மணிக்கட்டைப் பற்றும். பறவை தேறியிருந்தால் பிடி தளரும். நேற்று ஒரு கூழைக்கடா. இறகில் தண்ணீர் அழகாக உருண்டது. எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. பிடி தளரவில்லை. கோபத்தில் அழுத்திக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

இன்று காலையிலிருந்து மணிக்கட்டில் ஐந்து விரல் தடம். அதிலிருந்து ஏரித் தண்ணீர் கசிகிறது.

துடைக்கிறேன். நிற்கவில்லை.