இந்த மிஷினில் ஓடாது

செல்போன் அலறியது.

அருணா எடுத்தாள். மலைமேல் இருக்கும் வளப்பூர் நாட்டு ரிசார்ட்டின் மேனேஜர் செல்லமுத்து. முதலாளி மணிவண்ணன் நேற்று சாயங்காலம் வியூ பாயின்ட்டில் கால் இடறிப் பள்ளத்தில் விழுந்து செத்துப்போனாராம். அங்கிருக்கும் கேமராவின் பதிவைப் போலீஸ் கேட்கிறதாம். கம்ப்யூட்டரில் அந்தச் சாயங்காலத்தை மட்டும் காணோமாம்!

போன மாசம் பேக்கப் சாஃப்ட்வேர் போட வந்தவள் அவள்தான். உடனே வரச் சொன்னான்.

நாமக்கல்லில் பஸ் ஏறினாள். கொண்டை ஊசி வளைவுகளில் குடல் வாய்க்கு வந்தது. மேலே இறங்கியபோது எதிரில் நிற்கும் ஆள் தெரியாத மூடுபனி.

ஆபீஸ் அறையில் அந்தப் பழைய கம்ப்யூட்டர். தட்டிப் பார்த்தாள்.

பதிவு தானாக அழியவில்லை. யாரோ உட்கார்ந்து நிதானமாக அழித்திருக்கிறார்கள்... செல்லமுத்துவின் பாஸ்வேர்டில்!

முதலாளி இவனை வேலையை விட்டு நிறுத்தப்போகிறார் என்று போன மாசமே கேன்டீனில் பேச்சு அடிபட்டது.

பின்னால் தாழ்ப்பாள் விழுந்தது. செல்லமுத்து.

"பேக்கப்புல இருக்குதுங்களா அம்மிணி?"

கிடைத்தால் தேவலை என்று கேட்கிற குரல் இல்லை அது. இருக்கிறது என்று சொன்னால், அதே பள்ளத்தில் இன்னொருத்திக்கும் கால் இடறும்.

"இந்த மிஷின்ல அது ஓடாதுங்கண்ணா."

"ஏன் ஓடாது?"

கம்பெனியின் பக்கத்தைத் திரையில் திறந்தாள். விண்டோஸ் பத்து வேண்டும். எட்டு ஜிபி ராம் வேண்டும். பக்கத்திலேயே இந்த மிஷினின் ஜாதகத்தையும் திறந்து வைத்தாள். விண்டோஸ் ஏழு. ரெண்டே ஜிபி.

அவன் குனிந்து, விரல் வைத்து வரி வரியாகப் படித்தான். அவன் மூச்சு அவள் கழுத்தில் பட்டது.

"அப்புறம் எதுக்குங்க போன மாசம் அரை நாள் இங்கயே இருந்தீங்க?"

"போட்டுப் பாத்தேனுங்க. இது ஏத்துக்கவே இல்ல. புதுசு வாங்குங்கன்னு முதலாளிகிட்டச் சொல்லிட்டுத்தான் போனேன்."

திரையை இன்னொரு முறை படித்தான். பிறகு சிரித்தான். தாழ்ப்பாளை நீக்கினான். இவ்வளவு தூரம் வந்ததற்கு ஒரு டீயாவது குடித்துவிட்டுப் போகச் சொல்லி, கேன்டீன் பில் கவுன்டர் பக்கத்தில் உட்கார வைத்தான். அவள் குடித்தாள். நாக்கில் ருசியே தெரியவில்லை.

மறுநாள் காலை இன்ஸ்பெக்டர் பரிமளா ஜீப்போடு வந்தாள். கூடவே அருணா.

விலங்கு மாட்டும்போது செல்லமுத்து திமிறினான். "என்ன ஆதாரம் இருக்குதுங்க மேடம்? பேக்கப்பே இல்லைங்களே!"

பரிமளா செல்போனை நீட்டினாள். திரையில் அவன்... இரண்டு கையாலும் முதலாளியைத் தள்ளிக்கொண்டிருந்தான்!

"அந்த மிஷின்ல ஓடாதுதாங்கண்ணா," என்றாள் அருணா. "அதனாலதான் பில் போடற புது மிஷின்ல போட்டேன். பழைய மிஷின்ல பதிவாகறதையெல்லாம் அது இழுத்து நெட்ல ஏத்திடும். நேத்து அதுக்குப் பக்கத்துலதான் எனக்கு டீ குடுத்தீங்க."

அவன் முகம் வெளுத்தது. "நீ... சொல்லவே இல்லியே?"

"அந்த மிஷின்ல ஏன் ஓடாதுன்னுதானுங்களே கேட்டீங்க."

பரிமளா ஜீப்பின் கதவைத் திறந்துவிட்டாள்.

"ஏறுய்யா. ஜெயில்ல எந்தப் பழைய மாடலா இருந்தாலும் ஏத்துக்குவாங்க."